பாலத்துக்கு முன்னால் இடம் மாறிக்கொள்வோம்

என் மனைவிக்குக் கதிர்வீச்சு தொடங்கிய நாட்களில் பாலத்தின் மேல் கார் ஓட்டியது அவள்தான். நான் பக்கத்து இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டு, கதவுக்கு மேலே இருக்கும் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தேன். இதை நானே சொன்னால் யாரும் நம்புவதில்லை. எங்கள் வட்டாரத்தில் நான் எதைச் சொன்னாலும் சிரிப்பது வழக்கமாகிவிட்டது. பொங்கல் விழாவில் "அண்ணன் ரெண்டு வார்த்தை பேசுவாரு" என்று மைக்கைக் கொடுத்தாலே முதல் வரிசை சிரிக்க ஆரம்பித்துவிடும். நான் இன்னும் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

சான் ரமோனில் எங்கள் வீட்டிலிருந்து 680 ஃப்ரீவேயைப் பிடித்து வடக்கே போனால், கான்கார்ட் தாண்டி மார்ட்டினெஸில் நிலம் முடிந்துவிடுகிறது. உள்நாட்டு ஆறுகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து கடலுக்குப் போகும் அகலமான நீர் அங்கே குறுக்கே கிடக்கிறது. அதன்மேல், அடியில் கப்பல் போகும் உயரத்தில், பாலம். வடக்கே போகிறவர்களுக்கு ஒன்று, தெற்கே வருகிறவர்களுக்கு ஒன்று, நடுவில் ரயிலுக்கு ஒரு பழைய பாலம். தெற்கே வரும் பாலத்தின் ஓரத்தில் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் தனியாக ஒரு பாதை உண்டு. அந்தப் பக்கத்தில் பெனிசியா. அதற்கும் கொஞ்சம் அப்பால் இருந்தது ஆஸ்பத்திரி.

பாலம் என்றால் எனக்கு ஆகாது. விமானம் ஆகும், மாடி ஆகும், மேனேஜர் தனியாகக் கூப்பிட்டால்கூட ஓரளவு ஆகும். நானே ஓட்டிக்கொண்டு நீளமான பாலத்தில் ஏறினால் மட்டும் பாதியில் என்னமோ நடக்கிறது. உள்ளங்கை நனைந்து ஸ்டீயரிங் வழுக்குகிறது. வலது கால் வேறு யாருடையதோ போல ஆகிவிடுகிறது; மிதி என்றால் யோசிக்கிறது. இங்கே நிற்க முடியாது, திரும்ப முடியாது, இறங்க முடியாது என்று மண்டைக்குள் ஒருவன் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருக்கிறான். நாற்பதைத் தாண்டிய பிறகு வந்த விருந்தாளி. டாக்டர் இதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் சொன்னார். இவ்வளவு பெரிய பெயர் இருந்தால் மருந்தும் இருக்கும் என்று நம்பினேன். மூச்சை மெல்ல இழுத்து மெல்ல விடச் சொன்னார்.

நண்பர்களிடம் மறைப்பது சுலபமாக இருந்தது. யாராவது பாலம் தாண்டிப் பிக்னிக் போகலாம் என்றால், "டோல் கட்டறதுக்கு நான் என்ன ஜமீன் பரம்பரையா?" என்று கேட்டுவிடுவேன். நம் ஆட்கள் இதை ஒரு நொடியில் நம்பினார்கள். கஞ்சன் என்று பெயர் வாங்கினேன். பயந்தாங்கொள்ளி என்பதற்கு அது எவ்வளவோ தேவலை.

அவளுக்கு வந்தது கர்ப்பப்பையில். ஆபரேஷன் முடிந்ததும் எல்லாரிடமும் "சின்னக் கட்டி, எடுத்தாச்சு" என்று சொன்னோம். கர்ப்பப்பை என்றதும் ஆண்கள் போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டதால் மேற்கொண்டு கேள்வி வரவில்லை. பிறகுதான் கதிர்வீச்சும், கூடவே வாரம் ஒரு கீமோவும் வேண்டும் என்றார்கள். வாரத்தில் ஐந்து நாள். ஒரு நாள்கூட விடாமல் இருப்பது நல்லது என்றார் டாக்டர்.

வீட்டுக்குப் பக்கத்திலேயே இடம் இருந்தது. அவள் மறுத்துவிட்டாள்.

"அங்க முன்னாடி ஒக்காந்திருக்கிற பொண்ணு தமிழ் ஸ்கூல்ல எங்கூட வாலண்டியர் பண்றவ. பார்மசில இருக்கிறது உங்க சேலத்துக்காரரு. நான் உள்ளே போய் கவுன் மாத்தறதுக்குள்ள பக்கத்து ஊரு டப்ளின் வரைக்கும் தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சா என்ன?"

"கொழம்பு கொண்டு வருவாங்க. குடுத்துட்டு என் மொகத்தைப் பாப்பாங்க. அந்தப் பார்வை எனக்கு வேண்டாங்க."

எங்கள் இன்ஷூரன்ஸ் ஏற்றுக்கொள்ளும் இன்னோர் இடம் பாலத்துக்கு அப்பால் இருந்தது. "நம்ம ஜனங்க யாரும் அந்தப் பக்கம் வீடு வாங்கல" என்றாள். அது அந்த ஆஸ்பத்திரியின் சிறப்பு மருத்துவத் தகுதி போல. டெக்சாஸில் காலேஜில் படிக்கும் எங்கள் மகளுக்கும் சொல்லவில்லை. பரீட்சை முடியட்டும் என்றாள்.

"நடுவுல பாலம் இருக்கே" என்றேன்.

"தெரியும். பாலத்தை நான் ஓட்டிக்கிறேன்."

வாடகைக் காரும் ஒரு நாள் வைத்துப் பார்த்தோம். போகும்போது ஓட்டியவர் பஞ்சாபி, ரொம்ப நல்ல மனிதர். நல்ல மனிதராக இருந்ததுதான் தொல்லை. கான்கார்ட் வருவதற்குள் எந்தக் கோவிலுக்குப் போகிறோம், பெண்ணுக்கு எப்போது கல்யாணம் எல்லாம் கேட்டு முடித்துவிட்டார். திரும்பும்போது வேறொரு கார். அதில் அவள் வாந்தி எடுத்தாள். அந்த ஓட்டுநர் ஃப்ரீவேயை விட்டு இறங்கி, ஒரு பெட்ரோல் பங்கில் எங்களை இறக்கிவிட்டுப் போய்விட்டார். டயருக்குக் காற்றடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் தரையில் அவள் உட்கார்ந்திருந்தாள். நான் பேப்பர் துண்டு வாங்கப் போய், எத்தனை அடுக்கு நல்லது என்று அலமாரி முன்னால் நின்று படித்துக்கொண்டிருந்தேன். பதற்றத்தில் எனக்கு இப்படித்தான் மூளை வேலை செய்யும். இனிமேல் அடுத்தவர் காரில் ஏற மாட்டேன் என்று அன்றைக்குச் சொல்லிவிட்டாள்.

அதனால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். மார்ட்டினெஸில் பாலத்துக்கு முந்தைய கடைசி எக்ஸிட்டில் இறங்கி ஓரமாக நிறுத்துவோம். நான் காரின் முன்பக்கமாகச் சுற்றி வருவேன், அவள் பின்பக்கமாகச் சுற்றிப் போவாள். அவள் சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டு, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பெருமூச்சு ஒன்று விட்டு, வண்டியை எடுப்பாள். அந்தப் பக்கம் போனதும் மறுபடி மாறிக்கொள்வோம். தண்ணீருக்கு மேலே இருக்கும் நேரம் மட்டும் நோயாளி டிரைவர், டிரைவர் நோயாளி.

"என்னங்க, கண்ணைத் தொறங்க. பாதி வந்துட்டோம்."

"பாதின்னா இன்னும் பாதி இருக்குன்னு அர்த்தம்."

"அப்ப மூடிக்கங்க. முருகா முருகான்னு சத்தமாச் சொல்லிட்டு வாங்க, எனக்குப் பொழுது போகும்."

ஒரு வெள்ளிக்கிழமை அவள் சீட்டை முன்னால் இழுக்கவே சிரமப்பட்டாள். அன்றைக்குத் திரும்பி வந்ததும் சொன்னாள். "சனிக்கிழமை சும்மா ஒக்காந்திருக்கறதுக்கு, போய் அந்தப் பாலத்துல நடந்து பழகுங்க. நான் எத்தனை நாளைக்கு ஓட்டுவேன்னு எனக்கே தெரியல."

போனேன். டிராக் பேண்ட், தொப்பி, தண்ணி பாட்டில் என்று சுகர் வந்த மாமாவின் முழுச் சீருடை. நடப்பவனுக்குத் திரும்பிப் போக வழி உண்டு, அதனால் பயம் இருக்காது என்று கணக்குப் போட்டிருந்தேன். என் வலது கால் அந்தக் கணக்கைப் பார்க்கவில்லை. ஒரு பக்கம் தடுப்புச் சுவர், அதற்கு அப்பால் லாரிகள். ஒவ்வொரு லாரிக்கும் பாதை நடுங்கியது. இன்னொரு பக்கம் கம்பி, அதற்குக் கீழே நான் பார்க்க விரும்பாத உயரத்தில் தண்ணீர். கரையில் எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலை வெள்ளைப் புகையை விட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரத்தில் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். சைக்கிள்காரர்கள் மணியடித்துவிட்டுத் தாண்டிப் போனார்கள்.

எதிரே நடந்து வந்த ஒரு வயதான வெள்ளைக்கார அம்மாள் என்னிடம் நின்றார். மிகவும் மெதுவான குரலில், எல்லாம் சரியாக இருக்கிறதா, யாரிடமாவது பேச வேண்டுமா என்று கேட்டார். அவர் என்ன நினைக்கிறார் என்று புரிவதற்கு எனக்குச் சற்று நேரம் ஆயிற்று. "நோ நோ, ஐ ஆம் வாக்கிங் ஃபார் டயாபிடிஸ்" என்றேன். கம்பியை விடாமல் இதைச் சொன்னதால் அவர் நம்பவில்லை. என் முழங்கையைப் பிடித்து, தன் பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசிக்கொண்டே மார்ட்டினெஸ் கரைவரை கொண்டுவந்து விட்டார். காரில் ஏறி நான் பெல்ட் போடும்வரை அங்கேயே நின்று பார்த்தார்.

வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை.

அவளால் ஓட்ட முடியாத நாள் அடுத்த வாரமே வந்துவிட்டது. மார்ட்டினெஸில் நிறுத்தினேன், இறங்கிச் சுற்றி வந்தேன். அவள் இறங்கவில்லை. மடியில் வாந்திக்கு வைத்திருந்த ஜிப்லாக் பையைப் பிடித்தபடி, "கால் நிக்கலைங்க" என்றாள். நான் திரும்பச் சுற்றிப் போய் உட்கார்ந்தேன். "வீட்டுக்குப் போயிடலாமா?" என்று கேட்டேன். அவள் பாலத்தைப் பார்த்தாள்.

ஏறினேன். ஏற்றத்தில் பாதிவரை சரியாகத்தான் இருந்தது. பிறகு மண்டைக்குள் இருப்பவன் ஆரம்பித்தான். வேகம் குறைந்துகொண்டே போனது. பின்னால் ஒரு லாரி ஹாரனை அழுத்தி எடுக்கவே இல்லை. ஓரத்து லேனுக்கு ஒதுங்கி, எச்சரிக்கை விளக்கைப் போட்டு, நிறுத்திவிட்டேன். பாலத்தின் உச்சியில். நிறுத்த முடியாது என்று அத்தனை வருஷம் நான் பயந்த இடத்தில் நிறுத்த முடிந்தது. ஆனால் அங்கிருந்து எடுக்க முடியவில்லை. கை ஸ்டீயரிங்கை விட மறுத்தது. அவள் பைக்குள் வாந்தி எடுத்துக்கொண்டே என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். யாருக்கு யார் தடவ வேண்டும் என்பதெல்லாம் அப்போது தோன்றவில்லை.

மஞ்சள் விளக்கு சுழல, நின்றுபோன வண்டிகளை இழுத்துப்போகும் டோ ட்ரக் ஒன்று வந்தது. டிரைவர் ஜன்னலைத் தட்டி, வண்டியில் என்ன கோளாறு என்று கேட்டார். "வண்டி சரியா இருக்கு, இவருக்குத்தான் பயம்" என்று அவள் ஆங்கிலத்தில் விளக்கினாள். அவர் அவளைப் பார்த்தார், பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. எங்கள் கார் முன்சக்கரம் தூக்கிக்கொண்டு பின்னால் வர, நாங்கள் இரண்டு பேரும் ட்ரக்கின் முன் சீட்டில் அவரோடு ஒட்டி உட்கார்ந்து பாலத்தைக் கடந்தோம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எங்கள் நேரம் முடிந்து, மெஷினையும் அன்றைக்குப் பராமரிப்புக்கு நிறுத்தியிருந்தார்கள். விட்டுப்போனதைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அவள் வரவேற்பறையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். கால் கொஞ்சம் நின்றதும், திரும்பும் பாலத்தை அவளே ஓட்டினாள்.

நாங்கள் நின்ற நேரத்தில் பின்னால் தேங்கிய கார்களில் ஒன்று டப்ளினில் இருக்கும் நம் ஆள் ஒருவருடையது. அவர் சும்மா போயிருக்கலாம். போட்டோ எடுத்து எங்கள் வாட்ஸப் குரூப்பில் போட்டிருந்தார்: "680ல எவனோ பாலத்து நடுவுல பார்க் பண்ணிட்டான். எல்லாரும் வேற ரூட் எடுங்க." படத்தில் எங்கள் காரின் பின்பக்கம் பளிச்சென்று தெரிந்தது. நம்மவர்கள் பலரையும் போல நானும் கூடுதலாகப் பணம் கட்டி முருகன் பெயரிலேயே நம்பர் பிளேட் வாங்கியிருந்தேன். எங்கள் வட்டாரத்தில் அந்த பிளேட் ஒன்றுதான். கோவில் பார்க்கிங்கில் அதைப் பார்த்தே நான் வந்துவிட்டேன் என்று தெரிந்துகொள்வார்கள்.

குரூப் என் ஜோக்குக்காகக் காத்திருந்தது. "வியூ நல்லா இருந்தது" என்று டைப் செய்துவிட்டு அழித்தேன். டப்ளினில் இருக்கும் என் காலேஜ் நண்பன் போன் செய்தான்.

"டேய், அது உன் வண்டிதானே?"

"இல்லடா."

"முருகன் பேரைப் பின்னாடி ஒட்டிக்கிட்டுப் பொய் சொல்லாதடா, அவருக்கே சங்கடமா இருக்கும். பாலத்துல என்ன பண்ணிட்டிருந்த? நீதான் டோல் கட்ட மாட்டியே."

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். இத்தனை வருஷம் அதுதானே பிழைப்பு. ஆனால் அன்றைக்கு வாயில் எதுவும் வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவளுடைய வியாதி, என்னுடைய பயம், இரண்டையும். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அவள் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"எல்லாத்தையும் சொல்லிட்டீங்களா?"

"ம்."

"நான் உங்களை ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன்" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. மாடிக்குப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே குழம்பு வந்தது. மறுநாள் ரசம், கூட்டு, ஒரு வீட்டிலிருந்து புளியோதரை. அவள் சொன்ன பார்வையும் கூடவே வந்தது. கொடுக்கிறவர்கள் டப்பாவைப் பார்க்கவில்லை, அவள் கண்ணையும் பார்க்கவில்லை. நெற்றிக்கும் தலைமுடிக்கும் நடுவில் எங்கேயோ பார்த்தார்கள். மகள் போன் செய்து, "அப்பா, ஆர் யூ கைஸ் சீரியஸ்? ஐ ஹேட் டு ஹியர் இட் ஃப்ரம் ஆன்டி?" என்று அழுதாள். 

நண்பனின் மனைவிதான் முன்வந்தாள். "அண்ணா, நீங்க கவலையே படாதீங்க. நான் வீட்டிலிருந்துதான் வேலை பாக்கறேன், மீட்டிங் எல்லாத்தையும் மாத்திக்கிறேன். அக்காவை தினமும் நான் டிரைவ் பண்ணிக் கூட்டிட்டுப் போறேன்." அடுத்தவர் காரில் ஏற மாட்டேன் என்றவள் மறுநாள் காலையில் ஏறினாள். என்னை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பின் சீட்டில் இன்னொரு நோயாளி எதற்கு என்றாள்.

வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாமல், மேனேஜரிடம் சொல்லிவிட்டு நான் அந்த நேரத்தில் பாலத்துக்குப் போய் நடக்க ஆரம்பித்தேன். தினமும் கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பி வருவேன். ஒரு நாள் உச்சிக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டேன். தெற்கே வரும் வாகனங்கள் அன்றைக்கு ஊர்ந்துகொண்டிருந்தன. தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம், கையை நீட்டினால் எட்டிவிடும் தூரத்தில், நண்பனின் மனைவியுடைய கார் வந்து நின்றது. முன் சீட்டில் என் மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். கன்னம் கண்ணாடியில் அழுந்தி, வாய் திறந்து, ஒரு கண் சரியாக மூடாமல். வீட்டில் அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததே இல்லை. என் பக்கம் முதுகைக் காட்டித்தான் படுப்பாள். தெரியாத யாரையோ, வயதான, ரொம்ப நாளாக முடியாமல் கிடக்கும் ஒருத்தியைப் பார்ப்பது போல இருந்தது. கையை ஆட்டலாம் என்று தூக்கினேன். கார்கள் நகர்ந்துவிட்டன.

அன்று சாயங்காலம் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தபோது அவளே பேச்செடுத்தாள்.

"நாளைக்கு நீங்க ஓட்டுங்க."

"போன தடவை நடந்தது ஞாபகம் இல்லையா?"

"இருக்கு. நடுவுல நின்னா நின்னுட்டுப் போகுது. டோ ட்ரக்காரரு நல்ல மனுசன்தான்."

"ஏன், அவங்க நல்லாத்தானே பாத்துக்கறாங்க?"

"நல்லாத்தான் பாத்துக்கறா. அதாங்க முடியல." கஞ்சியைத் தள்ளி வைத்தாள். "ஏறினதுல இருந்து பேசறா. மஞ்சள் சாப்பிடுங்க அக்கா, பாசிட்டிவா நினைங்க அக்கா, திருப்பூர்ல எங்க பெரியம்மாவுக்கு இதே வந்து இப்ப நல்லா இருக்காங்க அக்கா. அவ கார்ல நான் வியாதிக்காரி மட்டுந்தான். தைரியமா இருக்கற மாதிரி மூஞ்சிய வெச்சுக்கணும். போறப்ப அப்படி வெச்சுக்கிட்டு, வர்றப்ப அலுத்துப் போய்த் தூங்கிடறேன்."

நான் கஞ்சிக் கிண்ணத்தை மறுபடி அவள் பக்கம் நகர்த்தினேன்.

"உங்ககூடப் போனா நீங்க பயந்து சாவீங்க. நான் திட்டிக்கிட்டே வருவேன். அந்தத் தண்ணி முடியற வரைக்கும் எனக்கு இது ஒண்ணுமே ஞாபகம் இருக்காது."

மறுநாள் மார்ட்டினெஸில் நிறுத்தாமல் நேராக ஏறினேன். அவள் பக்கத்து சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, வகுப்பெடுக்கிறவள் போல ஆரம்பித்தாள்.

"முன்னாடி ஒரு லாரி போகுதில்ல, அது பின்னாடியே போங்க. தண்ணியைப் பாக்காதீங்க. லாரில என்ன எழுதியிருக்கு?"

"லெட்டூஸ்."

"அப்புறம்?"

"ஃப்ரெஷ்."

"கீழ?"

"கீழ ஒரு போன் நம்பர். நான் சரியா ஓட்டறேனான்னு யாருக்கோ போன் பண்ணிச் சொல்லச் சொல்லுது."

"அது லாரிக்காரரைச் சொல்லுது. நீங்க ஓட்டறதைப் பத்திச் சொல்ல அந்த நம்பர் பத்தாது. மூச்சு விடுங்க. ஓட்டறவங்க மூச்சை அடக்கக் கூடாதுங்க."

பெனிசியா கரையில் முதல் எக்ஸிட்டில் இறங்கி ஓரம் கட்டினேன். கதவைத் திறந்து புல்லில் வாந்தி எடுத்தேன். அந்தப் பக்கக் கதவைத் திறந்து அவளும் எடுத்தாள். பிறகு அவள் தன் பாட்டிலிலிருந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

சிகிச்சை முடிந்து வெளியே வந்தபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை. சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொண்டு, "பாலம் வந்தா எழுப்புங்க" என்றாள். கிளம்பும்போதே தூங்கிவிட்டாள். வாய் திறந்திருந்தது. எழுப்ப மனம் வரவில்லை. எந்த லாரியும் முன்னால் இல்லை. நானே முணுமுணுத்துக்கொண்டு, வேர்த்து வழிந்துகொண்டு, எப்படியோ இந்தப் பக்கம் வந்துவிட்டேன். பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்தேன். வீட்டு வாசலில் கார் நின்றதும் விழித்தாள்.

"பாலம்?"

"தாண்டியாச்சு. நீ தூங்கட்டும்னு விட்டுட்டேன்."

அவள் வீட்டைப் பார்த்தாள். வாசலில் யாரோ வைத்துவிட்டுப் போன ஸ்டீல் டப்பா இருந்தது. "எனக்கு இருக்கிறதே அந்தக் கொஞ்ச நேரந்தானே" என்றாள். "அதைப் போய் எடுத்துட்டீங்களே."

அந்தச் சுற்று முடிந்து எடுத்த ஸ்கேன் நன்றாக வரவில்லை. இப்போது மருந்தை மாற்றி மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். எவ்வளவு நாளைக்கு என்று டாக்டர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அவள் ஏறியதும் தூங்கிவிடுகிறாள். மார்ட்டினெஸ் வந்ததும் தோளைத் தொட்டு எழுப்புகிறேன். கண்ணைத் திறக்க முன்பைவிட அதிக நேரமாகிறது.

"வந்துருச்சா?"

"வந்துருச்சு."

"கை வேர்க்குதா?"

"வேர்க்குது."

"சரி, போங்க" என்று சொல்லிவிட்டு, சீட்டை நிமிர்த்திக்கொள்ளப் பொத்தானைத் தேடுகிறாள்.